முட்டிக்குத் தடைக்காலம்

பிசியோதெரபி அறைக்கு வெளியே கிடந்த நீளமான பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. கெங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, ஊன்றுகோலை இடது கையில் இறுக்கிப் பிடித்து, ஆபரேஷன் செய்த வலது காலை விறைப்பாக நீட்டி நின்றாள். சற்று முன்புதான் கீழ்த்தளத்தில் படுக்கவைத்துத் தையல் பிரித்திருந்தார்கள். முட்டியின் மேலிருந்து கீழ்வரை ஓடிய கோடு புடவைக்குள் தீயாய் எரிந்தது.

"யக்கா, அதான் எடம் கீதே, வந்து குந்து," என்றாள் கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருத்தி. சொன்னதோடு நிற்காமல் புடவையை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.

"வாணாம்மா. நான் குந்தக் கூடாது."

"இன்னாக்கா சொல்றே?"

"டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. குந்துனா முட்டி கழண்டுக்குமாம்."

பக்கத்தில் நின்ற டில்லிபாபு, அவள் புருஷன், ஆமாம் என்று தலையாட்டினான். "புது முட்டிமா. உள்ள இரும்பு வச்சிக்கீறாங்க," என்றான். படகுக்குப் புது இஞ்சின் இறக்கியவன் பேசுகிற தோரணை அது. மாவுக்கட்டுக்காரி இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தன் பையைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வரிசை நகரவில்லை. உள்ளே ஒரே ஒரு டாக்டரம்மா. வெளியே இடுப்பு, தோள், கழுத்து என்று ஊரிலுள்ள வலியெல்லாம் காத்துக் கிடந்தது. கெங்கம்மாவின் நல்ல கால் முதலில் மரத்தது, பிறகு நடுங்கியது. கெட்ட காலில் கணுக்கால் வீங்கி, வெள்ளிக் காப்பு சதையில் பதிந்தது. உச்சி வெயில் ஜன்னலுக்கு வந்தபோது ஓர் ஆயா கதவைத் திறந்து, "டோக்கன் முடிஞ்சுது, மீதி பேரு நாளைக்கு வாங்க," என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரே இரக்கப்பட்டு ஓர் ஆளை எழுப்பிவிட்டார். கெங்கம்மா உட்காரவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு டோல்கேட் நிறுத்தம் வரைக்கும் நின்றே வந்தாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளே இரும்பு எலும்பை உரசுவது போலிருந்தது. வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தபோது கால் தூண் மாதிரி ஆகியிருந்தது. டில்லிபாபு அதைப் பார்த்துக் கலங்கிப்போனான். "நாளைக்கும் வாணாம், நாளான்னிக்கும் வாணாம். வீக்கம் வத்தட்டும், அப்பால போவலாம்," என்றான்.

குந்தக் கூடாது என்ற அந்தக் கட்டளை வந்த விதத்தைச் சொல்லவேண்டும். ஆபரேஷன் முடிந்து அவளை வீட்டுக்கு அனுப்பிய காலையில் வார்டில் கட்டில் போதவில்லை. அடுத்து வெட்டிக்கொள்ள வந்தவர்கள் தலையணையும் பிளாஸ்க்குமாக வராந்தாவில் நின்றார்கள். பிசியோதெரபி டாக்டரம்மா பெயர் ஜெமிமா. ஈரோட்டுப் பக்கத்துப் பெண். சென்னைக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை. கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டிருந்தாள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் படம் போட்ட தாள் தீர்ந்துபோய்விட்டது, அச்சாகி வரவில்லை.

"வாயிலயே சொல்லிடறேனுங்கம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. படுத்துட்டே குதிகாலை இழுத்து இழுத்து விடோணும். தெனமும் நடக்கோணும். வீக்கத்துக்கு ஐஸ் வைங்க. முக்கியமா ஒண்ணுங்க, குந்தவே கூடாது. தப்பித்தவறிக்கூடக் குந்திடாதீங்க, மூட்டு போயிரும். மத்த பயிற்சியெல்லாம் தையல் பிரிக்க வர்றப்ப நானே சொல்லித் தர்றேனுங்க."

ஜெமிமாவின் ஊரில் குந்துவது என்றால் இரண்டு காலையும் மடக்கி, பாதத்தின் மேல் உடம்பை நிறுத்தி, தரையில் படாமல் இருப்பது. டோல்கேட்டுக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்தில், குந்துவது என்றால் உட்காருவது. அங்கே நாற்காலியில் குந்துவார்கள், பஸ்ஸில் குந்துவார்கள், கல்யாணப் பந்தியில் குந்துவார்கள். இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள். அதனால் அந்தச் சொல்லில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டில்லிபாபுவுக்குப் பெண்டாட்டி மேல் உயிர். வெளியே காட்டிக்கொள்ளத் தெரியாது, அதட்டலாகத்தான் வரும். விசைப்படகில் வலை இழுக்கிறவன். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. படகெல்லாம் கரையில் கட்டிக்கிடந்தது. மற்ற வருஷங்களில் அந்த இரண்டு மாதமும் வலை பின்னுவதும் சீட்டாடுவதுமாகப் போகும். இந்த வருஷம் அவனுக்கு ஒரே வேலை, கெங்கம்மா குந்தாமல் பார்த்துக்கொள்வது.

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை மாடியில் கொண்டுபோய்ப் போட்டான். கக்கூஸுக்காக நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கியிருந்தார்கள். அதிலும் காலை நேரே நீட்டிக்கொண்டு ஒட்டியும் ஒட்டாமலும்தான் அவள் இருக்கவேண்டும். "அது கணக்குல வராது, சட்டுனு எழுந்துடு," என்று கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பான். சோறு தின்பது சமையல் மேடையைப் பிடித்து நின்றபடி. டிவி பார்ப்பது படுத்தபடி. பாயில் படுக்கவும் எழவும் டில்லிபாபுதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவான், கால் நீட்டியபடியே இருக்கும். நாள் முழுக்க அவள் நின்றாள், நடந்தாள், படுத்தாள். உட்காரவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத ஒரு நோயாளி அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் மாதிரி கிடைத்திருக்கமாட்டாள்.

அவளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "ஏய்யா, வார்டுல கட்டில் ஓரமா காலத் தொங்கப்போட்டு ஒரு நாளு குந்த வச்சாங்களே, அது இன்னாத்துக்கு?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"அது அந்தாண்ட ஒருத்தரு இந்தாண்ட ஒருத்தரு புடிச்சிகினு பண்ணது. இங்க உன்ன எவன் புடிப்பான்? வய்க்கி வுய்ந்தா இன்னா ஆவறது?"

"கால மடக்காமயே வச்சினு இருந்தா மரக்கட்ட மாரி ஆயிடாது?"

டில்லிபாபு பீடியை அணைத்துவிட்டு வந்து பாயோரம் உட்கார்ந்தான். அவனுக்குப் புரிந்த விஷயத்தை அவளுக்குப் புரியவைக்கும் பொறுமை அன்று அவனிடம் இருந்தது. "இத கேளுமே. கடலுக்கு இன்னாத்துக்கு தடைக்காலம் வுடறான்? இந்த ரெண்டு மாசம் வலைய போட்டு நோண்டாம வுட்டாத்தான் மீனு குஞ்சு பொரிச்சி பெருகும். முட்டியும் அப்டித்தான். உள்ள சதையெல்லாம் வளரணும். நோண்டாம வுடணும். தடைக்காலம் முடியட்டும், அப்பால நீ ராணி மாரி குந்து, எவன் கேக்கப்போறான்?"

கடல்காரன் சொல்வதில் கடல்காரன் மகளுக்கு என்ன குறை தெரியும்? அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. ஒன்றைச் சும்மா விட்டால் அது தன்பாட்டுக்குச் சரியாகும் என்பதைப் பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் பார்த்தவள்.

வலி மட்டும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை இருந்தவரைக்கும் பொறுக்க முடிந்தது. அது தீர்ந்தபின் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை வயிற்றைப் புரட்டியது. டில்லிபாபு ஐஸ் கம்பெனிக்கு நடந்துபோய், உடைந்த கட்டிகளைத் துண்டில் முடிந்து கொண்டுவருவான். துண்டில் மீன் கவிச்சி அடிக்கும். முட்டியின் மேல் வைத்ததும் முதலில் சுள்ளென்று குத்தும், பிறகு கொஞ்ச நேரம் கால் இருக்கிறதே தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் ஏங்குவாள். ஐஸ் உருகி பாய் நனைந்ததும் வலி பழையபடி வந்துவிடும்.

படுத்துக்கொண்டு குதிகாலை இழுக்கும் பயிற்சியை அவள் விடவில்லை. ஆனால் வர வர அது நாலு விரல் தூரம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் இழுத்தால் உயிர் போகும் வலி. "போதும் வுடு, முரண்டு பண்ணாத," என்பான் டில்லிபாபு. விட்டுவிடுவாள். மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழும். ஷேர் ஆட்டோவில் எப்படி நின்றுகொண்டு போவது? பஸ்ஸில் போனால் அன்றைக்கு மாதிரி வீங்கிவிட்டால்? பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இவ்வளவு பாடும் ஒரு ஸ்டூலுக்காகத்தான். கெங்கம்மா இறால் கம்பெனியில் வேலை செய்கிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிமெண்ட் தரையில் குத்துக்காலிட்டு, முன்னால் குவித்த இறாலில் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் உருவிக் கொண்டேயிருந்தவள். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் மடங்கி மடங்கியே முட்டி இரண்டும் தேய்ந்தன. வலது முட்டி கடைசியில் வளைந்தே போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் இரும்பு மேஜை போட்டார்கள். இனிமேல் யாரும் தரையில் உரிக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு ஸ்டூல், அதில் உட்கார்ந்துதான் உரிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. மேஸ்திரி ரகுபதி அவளைக் கூப்பிட்டு, "தடைக்காலத்துல கம்பெனி மூடித்தான கீது, அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிகினு வந்துடு. ஸ்டூல்ல குந்த முடிஞ்சா போதும். உன் எடம் உனுக்குத்தான்," என்றார். கெங்கம்மாவுக்கு அந்த இடம்தான் எல்லாம். டில்லிபாபுவுக்குக் கடல் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாரா வாரம் வீட்டுக்குள் வருவது அவள் கூலி.

கூட வேலை செய்யும் மங்கை ஒரு நாள் பார்க்க வந்தாள். கையில் நாலு சாத்துக்குடி. வந்தவள் நின்றபடி பேசுகிற கெங்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நட்ட கம்பம் மாரி நிக்கிற? சோக்காத்தான் கீறே போ. கால் நேராயிடுச்சே!"

கால் நேராகித்தான் இருந்தது. கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊன்றுகோல் இல்லாமல் அறையின் அந்தக் கோடி வரை நடந்து காட்டினாள்.

"ஆனா ஸ்டூல்லதானக்கா வேல? இப்பத்திலேர்ந்தே கொஞ்ச கொஞ்சமா குந்திப் பழவிக்கயேன்," என்றாள் மங்கை.

"ஏ பொண்ணு, நீ சும்மா இருக்கமாட்ட?" என்று வாசலிலிருந்து டில்லிபாபு சத்தம் போட்டான். "டாக்டரு நீயா அவங்களா? கெடுக்கறதுக்குனே வந்துடுவாளுங்க."

மங்கை சாத்துக்குடியை உரித்தாள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின. டில்லிபாபு சங்கரா மீன் வாடை போகாத பையில் துணிமணியை அடைத்துக்கொண்டு, "இனிமே உன் இஷ்டம். குந்து, கூத்தாடு," என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது வாசலில் மண்டியிட்டு அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தான். கோயில் படியைத் தொடுகிற மாதிரி தொட்டுவிட்டு எழுந்தான். கெங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாற்காலி மாடியிலேயே கிடந்தது, முதல் தடவை ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று கெங்கம்மா விட்டுவிட்டாள். முதல் படகுகள் திரும்பிய அன்றைக்கே கம்பெனி திறந்தது. கெங்கம்மா துவைத்த புடவை கட்டி, தலை வாரி, மங்கையோடு நடந்தே போனாள். வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயே, கெங்கம்மாக்காவா இது, குமரி மாரி நடக்குது பாரு," என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். ரகுபதிகூடச் சிரித்தார். தொப்பி, ஏப்ரன், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மேஜைக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல்கள். கோடியிலிருந்து மூன்றாவது அவளுடையது.

"வா, குந்து," என்றார் ரகுபதி.

கெங்கம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். இடுப்பு ஸ்டூலைத் தொட்டது. வலது கால் மடங்கவில்லை. நேராக நீட்டிக்கொண்டு, மேஜைக்கு அடியில் போகாமல், பக்கவாட்டில் ட்ராலி போகும் வழியில் கிடந்தது. உடம்பு ஒருபக்கமாகச் சரிந்தது. இடது கையால் மேஜையைப் பிடித்தால்தான் விழாமல் இருக்கலாம். அப்புறம் இறாலை எந்தக் கையால் உரிப்பது?

"கால உள்ள இஸ்துக்கமே, ட்ராலி வருது," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தாள். முட்டிக்குள் எதுவோ கிழிவது போல ஒரு வலி கிளம்பி இடுப்புவரை பாய்ந்தது. அவள் போட்ட சத்தத்தில் மேஜை முழுக்க கைகள் நின்றுவிட்டன. ட்ராலிக்காரன் வண்டியைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போனான். ரகுபதி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "இன்னாமே இது, மடங்கவே மாட்டங்குது? ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிகினு வா. எடத்த எத்தினி நாளு காலியா வச்சினு இருக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே அந்த ஸ்டூலில் வேறொருத்தியை உட்கார வைத்தார்கள் என்று மங்கை வந்து சொன்னாள்.

கெங்கம்மா தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இந்தத் தடவை முறை வந்தது. ஜெமிமா அவளை அடையாளம் கண்டு சிரித்தாள். "வாங்கம்மா, இத்தனை நாளா ஆளையே காணோமுங்களே. அந்தக் கட்டில்ல காலைத் தொங்கப்போட்டு உக்காருங்க."

கெங்கம்மா நின்றுகொண்டே கேட்டாள். "இப்ப குந்தலாமாம்மா?"

"அய்யோ, குந்தக் கூடாதுங்கம்மா, எப்பவுமே கூடாது. உக்காருங்க."

"அதாம்மா கேக்கறேன். குந்தட்டுமா?"

"குந்தறதில்லைங்க. உக்கார்றது."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

ஜெமிமாவின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. அவள் கெங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். "நீங்க வீட்டுல… சேர்ல எல்லாம் உக்காந்தீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. நீங்கதான சொன்னீங்க, தப்பித்தவறிகூட குந்தாதேன்னு. அன்னிக்கிலேர்ந்து நான் குந்தவே இல்ல. எங்க வூட்டுக்காரரு குந்தவே வுடல." சொல்லும்போது கெங்கம்மாவின் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. ஜெமிமாவின் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் அது அடங்கியது.

ஜெமிமா பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் முட்டியை இப்படியும் அப்படியும் அழுத்தினார். கெங்கம்மா கட்டில் கம்பியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். நடந்ததை ஜெமிமா தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் ஜெமிமாவிடம். "குந்தக் கூடாதுதானே?" பிறகு கெங்கம்மா பக்கம் திரும்பினார். "சந்தேகம் இருந்தா வந்து கேக்கணும். பயிற்சிக்கு வரவே இல்ல, வீட்டுலயே நின்னுட்டு இருந்தா எப்படி? உள்ள சதையெல்லாம் ஒட்டிக்கிச்சு. மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாம். சீக்கிரம் செய்யணும், நாள் போனா முடியாது. தேதி குடுப்பாங்க."

தேதி கொடுத்தார்கள். அன்றைக்குப் பட்டினியாகப் போய்ப் படுத்தாள். மயக்கம் கொடுக்கும் டாக்டர் வேறு அவசரத்துக்குப் போய்விட்டார். இன்னொரு தேதி. அன்று தியேட்டரில் ஏதோ மிஷின் ரிப்பேர். புது ஆபரேஷன்காரர்களே வரிசையில் கிடக்கும்போது பழைய முட்டிக்கு முன்னால் இடம் எங்கே? நடுவில் ஜெமிமா தன்னால் ஆனதைச் செய்தாள். கெங்கம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளித் தள்ளி மடக்குவாள். கெங்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். ஒரு நாள் ஜெமிமாவின் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. பக்கத்துக் கட்டிலுக்குப் போய் அவள் புதிதாக வந்த ஒரு நோயாளியிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "சேர்ல நல்லா உக்காரலாமுங்க, கட்டாயம் உக்காரோணும். கீழ தரையில மட்டும்தான் கூடாது. உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்க அதை?"

ஆடி பாதி போனபிறகு மூன்றாவது தேதி வந்தது. பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாள் போயிடுச்சும்மா. இப்ப மடக்கினா எலும்பே உடைஞ்சிடும். நிக்க முடியுது, நடக்க முடியுது இல்ல? அதுவரைக்கும் சந்தோஷப்பட்டுக்கங்க."

அன்று சாயந்திரம் டில்லிபாபு கடலிலிருந்து திரும்பினான். முகமெல்லாம் உப்பு. குளிக்காமலேயே கேட்டான். "டாக்டரு இன்னா சொன்னாரு?"

கெங்கம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் கால் நீட்ட இடமில்லாமல் ஒடுங்கிக்கொண்டு வந்தபோது, இவனை என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தாள். நாற்காலியை மாடிக்குத் தூக்கியது, மங்கையை அதட்டியது, கடலையும் முட்டியையும் ஒன்றாய்ப் போட்டுப் பேசியது, எல்லாம். அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. இவனிடம் சொன்னால் இவன் தாங்கமாட்டான் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வயசாயிடுச்சாம். இதுக்கு மேல மடங்காதாம்," என்றாள்.

டில்லிபாபு குனிந்து அந்த முட்டியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அவளுக்குத் தைரியம் சொல்கிறவனாக, "வுடுமே. நான் சொன்னபடி குந்தாம இருந்த பாரு, அதாலதான் இந்த மட்டுக்காவது நிக்கிற. குந்தியிருந்தா முட்டியே கழண்டு இருக்கும்," என்றான்.

கெங்கம்மா அவனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.

வேலை போகவில்லை. ரகுபதி கெட்ட மனுஷர் இல்லை. வாசலில் வந்து நின்றவளைப் பார்த்துவிட்டு யோசித்தார். உரிக்கிற மேஜையில் இனி அவளுக்கு இடம் கிடையாது. ஐஸ் தொட்டியில் ஆள் தேவைப்பட்டது. வந்து இறங்கும் இறாலைத் தொட்டியில் கொட்டி, மரத்துடுப்பால் ஐஸோடு கிளறி, கூடையில் அள்ளி மேஜைக்கு அனுப்பவேண்டும். பொழுதெல்லாம் நின்றே செய்கிற வேலை, வயசுப் பெண்களே ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள். கூலியும் மட்டம்.

"உனுக்குத்தான் நிக்கிறது பிரச்சினையே இல்லையே," என்றார் ரகுபதி. நல்லது செய்கிற திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. "டாக்டரே சொல்லிட்டாரு இல்ல, நல்லா நிக்கலாம்னு?"

"ஆமா சார்," என்றாள் கெங்கம்மா.

தொட்டியைச் சுற்றி எப்போதும் கணுக்கால் அளவுக்கு ஐஸ் தண்ணீர் நின்றது. ரப்பர் பூட்ஸையும் தாண்டி அந்தச் சில்லிப்பு ஏறி, முட்டிக்குள் இருந்த இரும்பைத் தொட்டு, அங்கேயே தங்கிவிடும். உடம்பின் மற்ற இடமெல்லாம் வேர்த்தாலும் அந்த ஓர் இடம் மட்டும் பிணம் மாதிரி குளிர்ந்திருக்கும். இடது காலுக்கு மாற்றிக்கொள்வாள். அது பழைய, தேய்ந்த முட்டி. அதுவும் கத்த ஆரம்பித்ததும் மறுபடி வலது காலுக்கு. அவள் துடுப்பைப் போட்டுக் கிளறினால் ஐஸ் கட்டிகள் தொட்டிச் சுவரில் மோதி உடையும். கூடை நிறைந்ததும் குரல் கொடுப்பாள், ட்ராலிக்காரன் வந்து எடுத்துப்போவான்.

மணி அடித்ததும் மேஜைக்காரிகள் ஒவ்வொருவராக ஸ்டூலை விட்டு எழுந்தார்கள். கையுறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முதுகை வளைத்து நெட்டி முறித்தார்கள். மங்கை தொட்டிப் பக்கம் கை கழுவ வந்தாள்.

"ஐயோ சாமி, காத்தாலேர்ந்து குந்திக் குந்தி இடுப்பே செத்துப்போச்சுக்கா," என்றாள்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, குனிந்து, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள்.

அடுத்த லோடு இறால் வந்து இறங்கியிருந்தது. கெங்கம்மா தொட்டியின் விளிம்பில் வயிற்றைச் சாய்த்து, காலை நேராக ஊன்றிக்கொண்டு, துடுப்பை ஐஸுக்குள் இறக்கினாள்.